முதனூலும் முதலாளியும்

விஞ்ஞானப் பொருள்களைப் பற்றிக் கருத்துரைக்க இலக்கிய மாணவனுக்கு என்ன தகுதி உண்டு என்ற வினா நம்மவரிடையே அடிக்கடி எழுவதுண்டு. வினா நியாயமானதே. உயிர்க்கலத்தினுள் நடைபெறும் இரசாயனத் தாக்கங்களைப் பற்றித் தீர்ப்பளிக்கும் உரிமையை நான் கோரவில்லை. ஆயின் அத்துறையினர் தமது செயலை உலகுக்கு விளக்கும்பொருட்டு எமது அலமாரியிலிருந்து சொற்களை இரவல் வாங்கும்போது, அவை எவ்வாறு கையாளப்படுகின்றன என்று விசாரிக்கும் உரிமை இரவல் கொடுத்தவனுக்கு உண்டு. உயிரின் நூல், எழுத்து, பதிப்பு, திருத்தம், ஆசிரியர் என்பன யாவும் இலக்கியக்காரன் புழங்கும் சொற்கள். தொகுப்பு உயிரியல் என இன்று வழங்கும் துறை இச்சொற்களின்மீதே தன் புகழைக் கட்டியெழுப்பியிருக்கின்றது. ஆகவே இக்கட்டுரையில் அத்துறையினர் இயற்றிய ஒரு "நூலை" எடுத்துக்கொண்டு, ஏனைய நூல்களை விமர்சிக்கும் முறையிலேயே அதனையும் நோக்க முற்படுகின்றேன்.

தொகுப்பு உயிரியல் என்பது யாது? பாடசாலையில் ஒளித்தொகுப்பு என்று படித்தோமே, அச்சொல்லில் உள்ள தொகுப்பே இது. பரம்பரையலகுகளை இரசாயன முறையிற் புதிதாகக் கோத்தும், ஓர் உயிரிலிருந்து மற்றோர் உயிருக்குப் பெயர்த்தும், மனிதன் வேண்டும் பொருளை உண்டாக்கும் ஆலையாகக் கலத்தை மாற்றியமைக்க முனைவது அத்துறை. அதன் தலைசிறந்த ஆக்கமாகப் போற்றப்பட்டது, 2010ஆம் ஆண்டு மே மாதம் 20ஆந் திகதி ஐக்கிய அமெரிக்காவில் கிரெய்க் வென்ரரும் அவரது குழுவினரும் வெளியிட்ட "செயற்கைக் கலம்". அதுவே நமது விமர்சன நூல்.

நூலின் அளவு ஏறக்குறைய 10 இலட்சத்து 80 ஆயிரம் எழுத்து. அரிச்சுவடியோ நான்கே எழுத்து: அடினின், தைமின், குவானின், சைற்றோசின் என்னும் நான்கு இரசாயன மூலங்கள். ஆட்டினத்தில் நோய் விளைக்கும் மைக்கோபிளாஸ்மா என்னும் நுண்ணுயிர் ஒன்றின் டி.என்.ஏ. வரிசையைக் கணினியிற் பதித்துக்கொண்டு, அதனை ஆயிரத்துச் சொச்சம் துண்டுகளாகப் பகுத்து, ஒவ்வொரு துண்டையும் இரசாயன முறையில் ஒரு வணிக நிறுவனத்தைக் கொண்டு ஆக்குவித்து, அத்துண்டுகளை மதுவக் கலத்தினுள் இட்டுப் படிப்படியாக ஒட்டவைத்து முழுமையாக்கினர். பின்னர் அந்த முழு வரிசையையும், அதற்கு நெருங்கிய உறவுடைய வேறொரு மைக்கோபிளாஸ்மாவின் கலத்தினுட் புகுத்தினர். புகுந்த வரிசையின் சொற்படி அக்கலம் இயங்கத் தொடங்கிற்று, பெருகிற்று. 15 ஆண்டு உழைப்பு. ஏறக்குறைய 4 கோடி டொலர் செலவு.

இம்முயற்சியின் ஒரு கட்டத்தில் வேலை பல வாரங்கள் முடங்கிக் கிடந்தது. காரணத்தைத் தேடிச் சென்றபோது, இன்றியமையாத ஒரு பரம்பரையலகில் ஓரெழுத்து விடுபட்டுப்போயிருந்தமை தெரியவந்தது. பத்து இலட்சம் எழுத்தில் ஓரெழுத்து! அச்சகத்தில் ஒப்புநோக்கிப் பழகியவர்களும், சங்க நூற் பதிப்புகளின் பாடபேதங்களோடு மல்லாடியவர்களும் இச்செய்தியைப் படித்தால் அவ்விஞ்ஞானிகள்மீது அன்பு கொள்வர் என்பதில் ஐயமில்லை. அவ்வுழைப்பு மதிப்புக்குரியது. இதனை முதலிலேயே சொல்லிவைப்பது நன்று. ஏனெனில் நமது குறை அவ்வுழைப்பைப் பற்றியது அன்று.

நூலின் இடையிடையே, உயிருக்குத் தேவையற்ற பகுதிகளில், நான்கு "நீர்க்குறிகளை" ஆசிரியர்கள் பொறித்திருந்தனர். கடதாசியை ஒளியிற் பிடித்தால் தெரியும் நீர்க்குறிபோல, நுண்ணுயிரின் உடலினுள்ளே சங்கேத எழுத்தில் 46 பேரின் பெயர்கள், ஓர் இணைய முகவரி, மூன்று மேற்கோள்கள். மேற்கோள்களுள் ஒன்று ஐரிஷ் நாவலாசிரியர் ஜேம்ஸ் ஜொய்சின் 1916இல் வெளிவந்த நாவலொன்றிலிருந்து எடுக்கப்பட்டது. மற்றொன்று பௌதிகவியலாளர் பைன்மனுடையது. மூன்றாவது அணுகுண்டுத் திட்டத்தை நெறிப்படுத்திய ஒப்பன்ஹைமரோடு தொடர்புடையது. உயிரைப் படைத்ததாகக் கூறுவோர் தமது காணிக்கைப் பக்கத்திற்கு ஏன் அப்பெயரைத் தேர்ந்தனர் என்பது வாசகரின் சிந்தனைக்கு உரியது.

இனி நடந்தது நாடக ஆசிரியனும் கற்பனை செய்யத் தயங்கும் காட்சி. ஜொய்சின் இலக்கியச் சொத்துக்களைப் பரிபாலிப்போரிடமிருந்து தமக்குக் கண்டனக் கடிதம் வந்ததாக 2011இல் ஒரு கூட்டத்தில் வென்ரர் தெரிவித்தார். அனுமதி பெறாமல் அந்த வரியை எடுத்தாண்டது தவறு என்பது அக்கடிதத்தின் சாரம். பைன்மன் பணியாற்றிய கல்வி நிலையமோ, மேற்கோள் பிழையானது என்று அறிவித்து, அவர் கரும்பலகையில் எழுதிவைத்திருந்ததன் நிழற்படத்தை அனுப்பிற்று. மூலத்தில் "படைத்தல்" என்றிருந்த வினை, நுண்ணுயிரின் உடலில் "கட்டுதல்" என்று மாறிப்போயிருந்தது. பெருகிய கலங்கள் யாவும் அப்பாடபேதத்தைப் பரம்பரை பரம்பரையாகப் படியெடுத்தன! எமது பதிப்பாசிரியர் எவரும் இத்தகைய சங்கடத்தை அனுபவித்ததில்லை.

சிரித்துவிட்டுச் செல்லக்கூடிய செய்திதான். ஆயின் ஒரு நாவலின் ஒரு வரிக்கு உரிமையாளர் உண்டு. அவரிடம் உத்தரவு பெற வேண்டும். அந்த வரியைச் சூழ்ந்துள்ள பத்து இலட்சம் எழுத்துக்கு யாரிடம் உத்தரவு பெறுவது? அவ்வெழுத்துக்கள் வென்ரருடையன அல்ல. அவற்றை அவர் ஆட்டு நோய்க் கிருமியிடமிருந்து பெயர்த்தெழுதினார்.

*

வெளியீட்டுக் கட்டுரையின் தலைப்பிலேயே "படைப்பு" என்னும் சொல் இடம்பெற்றிருந்தது. இந்த உயிரின் பெற்றோர் ஒரு கணினியே என்றும் வென்ரர் பெருமிதத்துடன் பத்திரிகையாளரிடம் கூறினார். இக்கூற்றை அளந்துபார்ப்பதற்கு வேண்டிய கோல் எம்மிடம் உண்டு. நூல் முதல், வழி, சார்பு என மூவகைப்படும் என்பது நன்னூல் படித்த மாணவர் யாவரும் அறிந்தது. வழிநூலைத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்ப்பு என நால்வகையாகப் பகுக்கின்றது தொல்காப்பிய மரபியல். (தமிழகத்தில் இன்று மரபியல் என்ற சொல்லையே பரம்பரை பற்றிய விஞ்ஞானத்துக்குப் பெயராக வழங்குவது தற்செயலாயினும் பொருத்தமானது.)

இக்கோலால் அளந்தால், 2010ஆம் ஆண்டு நூல் முதனூல் அன்று. வழிநூல் என்று சொல்வதற்கும் சற்றே தயக்கமாயிருக்கின்றது. சில பகுதிகளை நீக்கிச் சில குறிகளைச் சேர்த்த பெயர்த்தெழுதுகையே அது. ஏடு பெயர்த்தெழுதியோரும் சுவடியின் இறுதியில் தமது பெயரையும் நாளையும் பொறித்துவைப்பது வழக்கம். எழுத்துப் பிழையைப் பொறுத்தருளுமாறு படிப்போரை வேண்டிக்கொள்வதும் உண்டு. தாம் எழுதிய ஏட்டின் ஆசிரியர் தாமே என்று அவர்கள் ஒருபோதும் சொல்லிக்கொண்டதில்லை.

மேலும், நூல் மட்டும் இருந்தாற் போதாது, படிப்பவர் வேண்டும். வென்ரர் குழுவினர் ஆக்கியது டி.என்.ஏ. மட்டுமே. அதனைப் படித்து, புரதங்களாகப் பெயர்த்து, மென்சவ்வைக் காத்து, பிரிந்து பெருகும் இயந்திரம் முழுவதும் ஏற்கெனவே உயிரோடிருந்த வேறொரு கலத்தினுடையது. அக்கலம் தன் முன்னைய கலத்திலிருந்து வந்தது. அது அதன் முன்னையதிலிருந்து. இச்சங்கிலி அறாமல் 350 கோடி ஆண்டுகளுக்கும் அப்பாற் செல்கின்றது. கணினியைப் பெற்றோர் என்று கூறுவது, கைமருத்துவிச்சியைத் தாய் என்று கூறுவதிலும் மோசமானது.

2016இல் அதே குழுவினர் இன்னொரு ஆக்கத்தை வெளியிட்டனர். உயிர் தரிப்பதற்கு வேண்டாதவை எனத் தோன்றியவற்றையெல்லாம் களைந்து, 473 பரம்பரையலகுகள் மட்டுமே கொண்ட கலத்தை ஆக்கினர். தொல்காப்பியர் சொல்லும் தொகுத்தல் இதற்குச் சாலப் பொருந்தும். என் மதிப்பில் முந்தியதிலும் இதுவே உயர்ந்த ஆக்கம். ஏன் எனில், அந்த 473இல் 149இன் தொழில் இன்னதென்று தமக்குத் தெரியவில்லை என்று ஆசிரியர்களே வெளிப்படையாக எழுதினர். மூன்றில் ஒரு பங்கு சொற்களுக்குப் பொருள் தெரியாது. ஆயின் நீக்கினால் நூல் இறந்துவிடும். நேர்மையான உரையாசிரியர் "இதன் பொருள் விளங்கவில்லை" என்று எழுதுமிடத்தில் நாம் அடையும் நம்பிக்கையை இவ்வெண் தருகின்றது. 2010இன் ஆரவாரத்துக்கும் 2016இன் அடக்கத்துக்கும் இடையே உள்ள தூரம் விஞ்ஞானத்துக்கும் விளம்பரத்துக்கும் இடையே உள்ள தூரமாகும்.

முதனூலின் ஆசிரியன் இறைவன் என்பது எமது பழைய இலக்கணிகளின் கொள்கை. 2010இல் மேல்நாட்டில் எழுந்த விவாதமும் பெரும்பாலும் இக்கொள்கையைச் சுற்றியே சுழன்றது. மனிதன் கடவுளின் ஆசனத்தைக் கவர்ந்துவிட்டான் என்று ஒரு சாரார் அஞ்சினர். ஆம், கவர்ந்துவிட்டோம் என்று மறுசாரார் மார்தட்டினர். பகைவர்போற் காட்சியளிக்கும் இவ்விரு சாராரும் உண்மையில் ஒரே கட்சியினர். உயிர் என்னும் நூலுக்கு ஆசிரியன் ஒருவன் இருந்தே தீர வேண்டும் என்பது இருவருக்கும் பொதுவான கருத்துமுதல்வாதம். அவன் பரமண்டலத்தில் இருக்கின்றானா, மேரிலாந்து மாநிலத்தில் இருக்கின்றானா என்பதே சண்டை. பொருள்முதல்வாதிக்கோ இந்நூல் ஆசிரியனின்றித் தன்னைத்தானே எழுதிக்கொண்டது. தவறுகளாலும் தெரிவினாலும் திருத்தப்பட்டது. நாட்டார் பாடலை எவர் இயற்றினார் என்று கேட்பது எத்துணைப் பொருத்தமற்றதோ அத்துணைப் பொருத்தமற்றது உயிரின் ஆசிரியரைத் தேடுவது.

*

ஆசிரியர் என்னும் பட்டத்துக்கு இவ்வளவு போட்டி ஏன்? புகழாசை ஒரு காரணம். அது மனித இயல்பு. ஆயின் முதலாளித்துவ சமுதாயத்தில் ஆசிரியர் என்பது சட்டப் பொருளுடைய சொல். நூலாசிரியருக்குப் பதிப்புரிமை, கண்டுபிடிப்பாளருக்கு ஆக்கவுரிமை. "இதனை நான் இயற்றினேன்" என்று நிறுவியவனே "இது என்னுடையது" என்று சொல்ல முடியும்.

இதன் வரலாறு 1980இல் தொடங்குகின்றது. ஜெனரல் இலெக்ரிக் நிறுவனத்திற் பணியாற்றிய வங்காள விஞ்ஞானி ஆனந்த சக்கரவர்த்தி, எண்ணெய்க் கசிவைச் சிதைக்கும் பற்றீரியா ஒன்றை உருவாக்கினார். உயிருள்ள பொருளுக்கு ஆக்கவுரிமை வழங்கலாமா என்ற வழக்கில், ஆம் என்று ஐந்து நீதியரசரும் இல்லை என்று நால்வரும் தீர்ப்பளித்தனர். ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில் உயிர் தனியுடைமையாயிற்று. 2013இல் அதே அமெரிக்க உயர் நீதிமன்றம், மார்புப் புற்றுநோயோடு தொடர்புடைய பரம்பரையலகுகள் பற்றிய வழக்கில், இயற்கையில் உள்ளபடியே பிரித்தெடுத்த டி.என்.ஏ.க்கு ஆக்கவுரிமை இல்லை என்று தீர்த்தது. மக்கள் சார்பான அமைப்புகள் இத்தீர்ப்பைக் கொண்டாடின, கொண்டாடியதில் நியாயமுண்டு. ஆயின் அதே தீர்ப்பு, ஆய்வுகூடத்தில் இடைப்பகுதிகள் நீக்கிப் பெயர்த்தெழுதிய டி.என்.ஏ.க்கு ஆக்கவுரிமை கோரலாம் என்றும் சொன்னது. மூலத்துக்கு உரிமையில்லை, படிக்கு உண்டு! ஆகவேதான் தொகுப்பு உயிரியல், முதல் போடுவோருக்கு இனிக்கின்றது. இயற்கையிலிருந்து எடுத்தால் சொத்தாகாதது, பெயர்த்தெழுதினாற் சொத்தாகின்றது.

வென்ரரின் நிறுவனம், மிகக் குறைந்த பரம்பரையலகு கொண்ட உயிருக்கு ஆக்கவுரிமை கேட்ட விண்ணப்பம் 2007இலேயே வெளியாயிற்று; அப்போது அவ்வுயிர் பிறந்திருக்கவும் இல்லை. 2010இல் இம்முயற்சிகளைப் பகிரங்கமாகக் கண்டித்தவர் பிரித்தானிய விஞ்ஞானி ஜோன் சல்ஸ்ரன். மனித டி.என்.ஏ. வரிசையை வெளியிடும் பந்தயத்தில் வென்ரரின் தனியார் நிறுவனத்துக்கு எதிராக நின்று, கண்டறிந்த வரிசைகளை 24 மணி நேரத்துக்குள் எல்லாருக்கும் பகிரங்கமாக்குவது என்ற 1996ஆம் ஆண்டு பெர்மியூடாத் தீர்மானத்தை நிலைநாட்டியோருள் அவர் முதன்மையானவர். முற்போக்கு விஞ்ஞானி என்ற சொல்லுக்கு அண்மைக்காலத்தில் அவரிலும் சிறந்த எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

இத்துறைக்கு நமது பாடநூல்கள் வழங்கும் பெயர் பிறப்புரிமையியல். பிறந்தமையாலேயே உரியதாவது பிறப்புரிமை. அச்சொல்லை ஆக்கியோர் பிறிதொரு பொருளை எண்ணியிருக்கலாம். எனினும் பிறப்புரிமையை ஆக்கவுரிமையாக்கும் ஒரு தொழிலுக்கு இப்பெயர் தரும் குத்தல் சாமானியமானதன்று.

*

சட்டத்திலிருந்து வயலுக்கு வருவோம். இத்துறையின் நற்சான்றாக அதன் ஆதரவாளர் எப்போதும் எடுத்துக்காட்டுவது ஆர்த்திமிசினின் என்னும் மலேரியா மருந்தை.

அம்மருந்தின் பிறப்பே ஒரு காவியம். அமெரிக்க ஏகாதிபத்தியத்தோடு பொருதிய வட வியற்நாமியப் படையினரை மலேரியா மாய்த்துக்கொண்டிருந்தது. அவர்களின் வேண்டுகோளுக்கிணங்க 1967ஆம் ஆண்டு மே 23ஆந் திகதி சீனாவில் ஓர் இரகசிய ஆய்வுத் திட்டம் தொடங்கிற்று. நாளையும் மாதத்தையும் சேர்த்து "523" என்பது அதன் பெயர். அதிற் பங்குகொண்ட தூ யூயூ என்னும் பெண்மணிக்குக் கலாநிதிப் பட்டமில்லை, வெளிநாட்டுப் பயிற்சியில்லை. நான்காம் நூற்றாண்டில் கோ ஹொங் எழுதிய வைத்திய ஏட்டில், எட்டி போற் கசக்கும் ஒரு மாசிபத்திரி இனத்தை நீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்குமாறு சொல்லப்பட்டிருந்தது. அதனைக் காய்ச்சும்படி சொல்லவில்லையே என்று அவர் சிந்தித்தார். சூடு மருந்தைக் கெடுக்கின்றது போலும் என்று ஊகித்து, குறைந்த வெப்பநிலையிற் கொதிக்கும் ஈதரைக் கொண்டு பிரித்தெடுத்தார். 1971இல் அச்சாறு மலேரியாக் கிருமியை முற்றாக ஒழித்தது. 1972இல் அதனைத் தாமே முதலில் உட்கொண்டு சோதித்தார். 2015இல் நோபல் பரிசு வந்தது. ஒரு பழஞ்சுவடியில் ஒரு சொல் இல்லாமையைக் கவனித்த கூர்மை அது. நல்ல வாசகர் என்ற முறையில் அவர் எம்மினத்தவர்.

1977இல் இம்மருந்தின் இரசாயன அமைப்பு சீனச் சஞ்சிகையொன்றில் வெளியானபோது எந்தத் தனிமனிதர் பெயரும் அதில் இல்லை. ஆய்வுக் குழுவின் பெயர் மட்டுமே இருந்தது. நுண்ணுயிரின் உடலிற் பொறித்த 46 பெயர்களோடு இதனை ஒப்பிட்டுப் பார்க்கலாம். எனினும் நம்மிற் சிலர் செய்வதுபோல் இப்பெயரின்மையை வானளாவப் புகழ எனக்கு மனமில்லை. கலாசாரப் புரட்சியின் ஆண்டுகள் அவை. அறிஞர் பலர் அவமதிக்கப்பட்டு நாட்டுப்புறங்களுக்குத் துரத்தப்பட்டனர். தூ யூயூவின் கணவரும் அவ்வாறு அனுப்பப்பட்டவரே. பெயரைத் துறத்தல் வேறு, பெயரைப் பறித்தல் வேறு. பிற்காலத்தில் யார் எதனைக் கண்டார் என்ற கசப்பான பிணக்கு அங்கு எழுந்தமைக்கு இதுவும் காரணம். எவ்வாறாயினும், அந்நாளில் சீனாவில் ஆக்கவுரிமைச் சட்டமே இல்லை. மருந்து உலகின் பொதுச் சொத்தாயிற்று.

இனித் தொகுப்பு உயிரியலின் பகுதி. செடியிற் கிடைக்கும் மருந்தின் விலை நிலையாக இருக்கவில்லை. தேவை ஏறினால் விலை ஏறும், விலை ஏறினால் உழவர் எல்லாரும் அதனையே பயிரிடுவர், அடுத்த ஆண்டு விலை சரியும், சரிந்தால் பயிரைக் கைவிடுவர், மீண்டும் தட்டுப்பாடு. இச்சுழலிலிருந்து மருந்தை விடுவிக்கும் நோக்கத்தோடு கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்லி வளாகத்தில் ஜே கீஸ்லிங் என்பவரின் குழு உழைத்தது. 2004இல் கேற்ஸ் அறநிலையம் 4 கோடி 26 இலட்சம் டொலரை வழங்கிற்று. செடியின் பரம்பரையலகுகளை மதுவத்துக்கு எளிதில் விளங்கும் எழுத்துக்கூட்டலில் மாற்றி எழுதி, மதுவத்தினுட் புகுத்தினர். தொல்காப்பியர் வகுத்த நான்கினுள் இதுவே மொழிபெயர்ப்பு. 2006இல் முதல் வெற்றி. 2013இல், ஒரு லீற்றர் கரைசலில் 25 கிராம் ஆர்த்திமிசினிக் அமிலத்தை மதுவம் சுரந்தது. அதனை இரசாயன முறையில் மருந்தாக மாற்றும் பொறுப்பைச் சனோபி என்னும் பிரெஞ்சு நிறுவனம் ஏற்று, இத்தாலியின் கரேசியோ நகரிலுள்ள ஆலையில் உற்பத்தியைத் தொடங்கிற்று. உலகின் தேவையில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கை ஈடுசெய்யக்கூடிய ஆலை.

சீனாவிலும் வியற்நாமிலும் கிழக்காபிரிக்காவிலும் இச்செடியைப் பயிரிட்ட சிறு உழவரின் கதி என்ன என்று அப்போதே கேட்டோர் உண்டு. அவர்களைப் பிற்போக்காளர் என்று இத்துறையின் ஆதரவாளர் ஏளனம் செய்தனர். நடந்தது இருசாராரும் எதிர்பாராதது. இலாபமும் நட்டமுமின்றி விற்பதாயினும் சனோபிக்குக் கிலோவுக்கு 350 முதல் 400 டொலர் வேண்டியிருந்தது. செடியிலிருந்து வந்த மருந்தோ 250 டொலருக்கும் கீழே விலை போயிற்று. 2015இல் கரேசியோ ஆலை ஒரு கிராமும் உற்பத்தி செய்யவில்லை. 2016இல் ஆலையே வேறொரு நிறுவனத்துக்கு விற்கப்பட்டது.

செடி வென்றது, உழவர் வென்றனர் என்று மகிழ வேண்டாம். 250 டொலர் என்பது உழவரின் வெற்றி அன்று. அளவுக்கு மீறிப் பயிரிட்டு, அடிமாட்டு விலைக்கு விற்ற ஏழைகளின் கூலிதான் அந்த மலிவு. மதுவத்தைத் தோற்கடித்தது அவர்களின் வறுமை. உழைப்பு மலிவாயிருக்கும்வரை இயந்திரம் விலைப்படாது என்பது மார்க்ஸ் காட்டிய உண்மை. அவ்வியந்திரம் உயிருள்ளதாயினும் விதி மாறவில்லை.

இதற்கு ஒரு நூற்றாண்டு மூத்த உதாரணம் உண்டு. 1897இல் ஜேர்மனியின் பி.ஏ.எஸ்.எப். நிறுவனம் செயற்கை அவுரிச் சாயத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. பீகாரின் சம்பாரணில் குடியானவரைத் தம் நிலத்தின் ஒரு பங்கில் அவுரி பயிரிடுமாறு வெள்ளைத் தோட்டக்காரர் கட்டாயப்படுத்தி வந்தனர். அவுரிக்கு விலை போனதும் குடியானவர் விடுதலை பெற்றனரா? இல்லை. கட்டாயத்திலிருந்து விடுவிப்பதற்கு ஈடாகக் குத்தகையை உயர்த்தியும் பணம் பறித்தும் தோட்டக்காரர் தம் நட்டத்தை அவர் தலையிலேயே கட்டினர். 1917இல் காந்தி அங்கு சென்றது இதன் விளைவாகவே. செயற்கைச் சாயம் தீங்கானதா? அவுரி வயல் சுவர்க்கமாயிருந்ததா? இரண்டுமில்லை. நிலம் யாருடையது என்ற கேள்வியைச் சாயத்தின் மூலக்கூறு தீர்த்துவைக்காது.

இலங்கையராகிய எமக்கு இந்த மலேரியாக் கதையில் வேடிக்கை பார்ப்போரின் இடம் இல்லை. 1880களில் இந்நாட்டுத் தோட்டத் துரைமார் சிங்கோனாப் பட்டையை உலகச் சந்தையிற் கொண்டுபோய்க் குவித்தனர். குயினைன் விலை வீழ்ந்தது. மரங்களை அகற்றித் தேயிலையை நட்டனர். அரை நூற்றாண்டின் பின், 1934-35இல், மலேரியா இங்கு ஏறக்குறைய 80,000 உயிர்களைக் கொண்டுபோயிற்று. அப்போது உலகக் குயினைனின் மிகப் பெரும்பகுதி யாவாவின் ஒல்லாந்தத் தோட்டங்களிடமிருந்தது. சூரியமல் இயக்கத்து இளைஞர்கள் கிராமம் கிராமமாக மருந்தும் உணவும் சுமந்து சென்றதும், இந்நாட்டின் இடதுசாரி இயக்கம் அந்த அனுபவத்தில் உரம்பெற்றதும் வாசகர் அறிந்தவை. 2016இல் இலங்கை மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. அரசாங்கச் சுகாதார சேவையும் கிராமத்துக்குச் சென்ற ஊழியரும் இன்றி எந்த மருந்தும் அதனைச் சாதித்திராது. செடி வேண்டும், மதுவம் வேண்டாம் என்று சொல்லும் பழமைப் பற்றுக்கு, காய்ச்சலிற் கிடக்கும் குழந்தையின் முன் மதிப்பில்லை. மருந்து எவ்வழியில் வந்தாலும் வரட்டும். அது யார் கையில் இருக்கின்றது என்பதே கேள்வி.

மதுவத்தின் பிற்கதையையும் சொல்லிவிடுகின்றேன். அந்த ஆய்விலிருந்து பிறந்த அமிரிஸ் என்னும் நிறுவனம், மருந்தில் இலாபம் காண முடியாதென்பதால் எரிபொருளுக்குத் தாவிற்று. எரிபொருள் கைகொடாதபோது முகப்பூச்சுக்கு வந்தது. ஏழை நாட்டுக் குழந்தைகளுக்காக அறப்பணத்திற் பயின்ற மதுவ வித்தை, ஈற்றிற் பிரேசிலின் கரும்புச் சர்க்கரையைச் செல்வச் சீமாட்டிகளின் கன்னத்துக்கு மெருகு எண்ணெயாக்கிற்று. (அதே எண்ணெய்க்காகச் சுறாக்களைக் கொன்று ஈரலை எடுத்து வந்தனர் என்பதால், சுறாக்களின் சார்பில் ஒரு நன்றி.) 2023 ஆகஸ்டில் அந்நிறுவனம் வங்குரோத்துச் சட்டத்தின் பாதுகாப்பை நாடிற்று.

*

இத்துறையால் ஆபத்துகளும் உண்டு. 2024 டிசம்பரில் முப்பத்தெட்டு விஞ்ஞானிகள், இடவல மாற்றமுற்ற மூலக்கூறுகளாலான "ஆடி உயிர்களை" ஆக்க வேண்டாம் என்று எச்சரித்தனர். அவர்களுள் அம்முயற்சியில் முன்னர் ஈடுபட்டிருந்தோரும் இருந்தனர். தாம் தொடங்கியதைத் தாமே நிறுத்தச் சொல்லும் அந்த மனச்சாட்சி போற்றத்தக்கது. ஆயின் அதனைப் பற்றி எழுத என்னிலும் தகுதியானோர் உளர். எழுத்தைப் பற்றிய எனது கேள்வி இன்னும் முடியவில்லை.

உயிரை எழுத்தாக்கியதன் மிகப் பெரிய விளைவு, உடலை அசைக்காமல் அதனைக் கொண்டுசெல்லலாம் என்பதே. 2020 ஜனவரி 11ஆந் திகதி சீன விஞ்ஞானி சாங் யொங்சென் குழுவினர் கண்டறிந்த கொரோனா வைரசின் எழுத்து வரிசை இணையத்தில் எல்லாருக்குமாக வெளியிடப்பட்டது. வைரசைக் கண்ணாற் காணாமலே, அவ்வெழுத்தை மட்டும் கொண்டு சில நாட்களில் அமெரிக்காவில் தடுப்பூசியின் வரைவு தயாராயிற்று. மனித ஒத்துழைப்பின் மாண்பு என்று இதனைக் கூறத் தயங்கேன். ஆயின் இலவசமாக வந்த எழுத்து ஆக்கவுரிமையாகத் திரும்பிற்று. அந்த உரிமைகளைத் தற்காலிகமாக நிறுத்திவைக்குமாறு 2020 ஒக்டோபரில் இந்தியாவும் தென்னாபிரிக்காவும் உலக வர்த்தக நிறுவனத்திற் கேட்டன. பதில் 2022 ஜூனில், மெலிந்த உருவில் வந்தது.

மூலிகைக்கும் இதே கதிதான். ஒரு நாட்டின் செடியை எடுத்துச் சென்றால் அதன் பயனைப் பங்கிட வேண்டும் என்று 2010ஆம் ஆண்டு நகோயா உடன்படிக்கை சொல்கின்றது. செடியை எடுத்துச் செல்லாமல் அதன் எழுத்து வரிசையை மட்டும் எடுத்துச் சென்று, தூரதேசத்து மதுவத்திற் பெயர்த்தெழுதினால்? உழவன் எதற்குப் பங்கு கேட்பான்? அவன் செடி அவன் வயலிலேயே நிற்கின்றதே! பல்லாண்டு வாதாடிய பின், 2024இல் கொலம்பியாவின் காலி நகரிற் கூடிய உயிர்ப் பல்வகைமை மாநாடு இதற்கென ஒரு நிதியத்தை நிறுவத் தீர்மானித்தது. எழுத்து வரிசைகளாற் பயனடையும் பெரிய நிறுவனங்கள் தம் இலாபத்தில் நூற்றுக்கு ஒன்றை, அல்லது வருமானத்தில் ஆயிரத்துக்கு ஒன்றை அதற்கு வழங்க வேண்டுமாம். அதிற் பாதியேனும் பூர்வீகக் குடிகளுக்கும் உள்ளூர்ச் சமூகங்களுக்கும் செல்ல வேண்டுமாம்.

அத்தீர்மானத்தை இலக்கண மாணவனாகப் படித்தேன். நிறுவனங்களை நோக்கி அதில் நிற்கும் வினை ஏவல் அன்று, வியங்கோள். கொடுத்தால் நன்று என்பதற்கு மேல் அதற்கு வலுவில்லை. கொடாதவனைத் தண்டிக்கும் வாசகம் அங்கு இல்லை. இந்நிறுவனங்களுட் பலவற்றின் தாயகமாகிய ஐக்கிய அமெரிக்காவோ, 1993இற் கைச்சாத்திட்ட அந்த உயிர்ப் பல்வகைமைச் சமவாயத்தை இன்றுவரை உறுதிப்படுத்தவில்லை.